ரீப்பருக்கு மேலே

முதலில் வந்தது மீன் வாடை. நான் வீட்டில் மீன் சமைப்பதே இல்லை. என் அம்மா உயிரோடு இருந்தவரை வெள்ளிக்கிழமை தவறாமல் மீன் வேகவைத்து, அந்த வாடையே எனக்கு ஆகாமல் செய்துவிட்டாள். அதனால் கூரைக்குள் எலி ஏதோ செத்துக் கிடக்கிறது என்று நினைத்து ஜன்னலைத் திறந்து வைத்தேன். பூமியின் தெற்குப் பாதியில் இருக்கும் எங்கள் மலையூருக்கு ஜூன்தான் நடுக்குளிர்காலம். அந்த மாதத்தில் கோரா கிரீக்கில் ஜன்னலைத் திறப்பவளுக்கு மூளை கலங்கிவிட்டது என்பார்கள். காலையில் குழாயைத் திருகினால் தண்ணீர் வராது, இருமல் சத்தம்தான் வரும். குளிர் தாங்காமல் ஹீட்டரைக் கூட்டி வைத்தேன். வாடையும் சேர்ந்து கூடியது. வயர் சூடேறிக் கருகினாலும் மீன் வாடைதான் அடிக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிரூவுக்குப் போன் செய்தேன்.

பிரூ டாலிமோர் எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன். என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். வாசற்படி தாண்டும்போதே மூக்கைச் சுளித்தாள்.

"எலியாம் எலி! உன் மூஞ்சி. மெயினை அணைடி முதல்ல."

"குளிருமே பிரூ."

"குளிர்னா கம்பளி போர்த்திக்கலாம். எரிஞ்சா என்ன போர்த்திப்பே? அணை."

அணைத்தேன். அவள் ஏணியைப் போட்டு ஏறி, சீலிங்கின் நடுவில் ஓடும் ரீப்பரை, அந்த நீளமான மரப்பட்டியை, நெம்பினாள்.

அந்த ரீப்பரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பிளாக் சாலி தெருவில் எந்த வீட்டுக்குப் போனாலும் சீலிங்கின் நடுவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு ரீப்பர் ஓடும். ஏனென்றால் இந்த வீடுகள் எல்லாமே ஒருகாலத்தில் இரண்டாக அறுக்கப்பட்டவை. மேலே மலையில் அணை கட்டியபோது வேலையாட்கள் குடியிருக்கக் கட்டிய மர வீடுகள் இவை. அணை முடிந்ததும் கேம்பைக் கலைத்தார்கள். வேண்டியவர்கள் வீட்டை எடுத்துக்கொண்டு போகலாம் என்றார்கள். அப்பாவும் அவர் கூட்டாளிகளும் வீடுகளைக் கேக் மாதிரி நடுவில் அறுத்து, ஒவ்வொரு பாதியாக லாரியில் ஏற்றி, வளைவுகளில் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டே இறக்கிக் கொண்டுவந்தார்கள். ஜூன் மாதத்து நீண்ட விடுமுறையில், சனிக்கிழமை தொடங்கித் திங்கட்கிழமைக்குள், தெரு முழுக்க பாதிகளை ஒட்டி நிமிர்த்திவிட்டார்கள். ஒட்டிய தழும்பு தெரியாமல் இருக்க மேலே ஒரு ரீப்பர்.

சுவரை ஒட்டியவர்கள் பல பேர். அறுபட்ட வயர்களை ஒட்டியவர் ஒரே ஒருவர், லிண்ட்ஸி காரிக். கேம்பில் கிரேனுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த வாலிபர். அந்த விடுமுறையில்தான் முதல் பனி விழுந்தது. அவர் வீடு வீடாக ஏறி, விரல் மரத்துப்போக வயர்களைச் சேர்த்து, தெரு முழுக்க விளக்கு எரிய வைத்தார். அன்றிலிருந்து தெருவே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறது. இப்போது அவருக்கு எண்பதை நெருங்குகிற வயது. சொந்தப் பேரன் கூப்பிடுவதைப் பார்த்து நாங்கள் எல்லோரும் அவரைப் பாப், அதாவது தாத்தா, என்றுதான் கூப்பிடுகிறோம். ஒவ்வொரு வருஷமும் அதே விடுமுறையின் சனிக்கிழமை பௌலிங் கிளப்பில் தெரு முழுவதும் கூடிச் சாப்பிடும். ஆட்டிறைச்சி வரும், பீர் வரும், கடைசியில் பாப் எழுந்து நிற்பார். எல்லோரும் கை தட்டுவோம். எனக்கு நினைவு தெரிந்த நாளாக நானும் தட்டியிருக்கிறேன்.

பிரூ வந்ததும் அந்தச் சனிக்கிழமை காலையில்தான்.

"மேல வா, வந்து பாரு" என்றாள். ஏறினேன். இரண்டு பழைய வயர்களைக் கையால் முறுக்கி, டேப் சுற்றி விட்டிருந்தது. அவ்வளவுதான். டேப் கருகிச் சுருண்டிருந்தது. வயரின் ரப்பர் தொட்ட இடத்தில் உதிர்ந்தது. பக்கத்தில் இருந்த உத்தரத்தில் பிரூ விரலை வைத்து எடுத்தாள். விரல் நுனி கன்னங்கரேல் என்று இருந்தது.

"அந்தக் காலத்துல வீட்டுக்கு நாலு பல்பு. இதுவே தாங்கிச்சு. இப்ப ரூமுக்கு ஒரு ஹீட்டர், கட்டிலுக்கு ஒரு மின்சாரக் கம்பளி. எல்லாம் இந்த முறுக்கு வழியாத்தான் போகுது. போதாக்குறைக்கு நம்ம ஊர்க் குளிர். உள்ளேயிருந்து ஈரக்காத்து மேல ஏறிக் கூரைத் தகரத்துல பனியா ஒட்டிக்குது. வெயில் பட்டதும் உருகி நேரா இதுமேல சொட்டுது. நனையுது, காயுது, முறுக்கு தளருது. அதுமேல குளிருக்குன்னு மெத்தை வேற விரிச்சு மூடியிருக்கீங்க. சூடு எங்க போகும், சொல்லு? மரத்துக்குள்ளதான் போகும்."

"தீப்பிடிச்சிருக்குமா?"

"பிடிக்க ஆரம்பிச்சாச்சு. நீ முழிச்சிக்கிட்டே, அவ்வளவுதான்."

நான் என் வீட்டைப் பற்றி நினைக்கவில்லை. என் கண் அந்தக் கரி விரலிலிருந்து நேராக ஜன்னலுக்குப் போனது. எதிர் வீட்டில் என் மகள் தான்யா இருக்கிறாள். அதே தெரு, அதே அறுப்பு, அதே ரீப்பர். அந்த ரீப்பருக்கு நேர் கீழேதான் என் பேத்தி மார்னியின் தொட்டில். நடு அறைதான் கதகதப்பு என்று அங்கே போட்டிருக்கிறார்கள். மார்ச் மாதம் பிறந்த குழந்தை, சளி பிடிக்கும் என்று ராத்திரி பகல் ஹீட்டர் ஓடிக்கொண்டே இருக்கிறது.

கோட்டுகூடப் போடாமல் தெருவைத் தாண்டினேன். பிரூ பின்னாலேயே ஓடி வந்தாள்.

என் மருமகன் ஹேமிஷ் நல்ல பையன்தான், பாப் பேச்சை எடுக்காதவரை. அவன் பாப்பின் பேரன். அன்றைய சாப்பாட்டுக்கு மேசை நாற்காலி ஏற்றிக்கொண்டு வாசலில் நின்றான்.

"என்ன ரோமானா, வெறும் சட்டையோட வந்துட்டீங்க? காபி போடவா?"

"காபி கிடக்கட்டும். ஹீட்டரை அணை. மெயினை அணை. குழந்தையைத் தூக்கிக்கிட்டு என் சமையல்கட்டுக்கு வாங்க, விறகடுப்பு மூட்டித் தரேன். பிரூ உன் வீட்டு ரீப்பரைப் பிரிச்சுப் பார்க்கட்டும்."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு முதலில் பற்றிக்கொண்டு வந்தது.

"எதுக்குப் பிரிக்கணும்? போன வருஷம்தானே புது போர்டு வச்சேன்? சேஃப்டி சுவிட்ச் இருக்கு. கோளாறுன்னா அதுவே டப்புனு விழுந்துடும். இதுவரைக்கும் ஒரு தடவைகூட விழல."

"அது மனுஷனுக்கு ஷாக் அடிச்சா விழும்டா" என்றாள் பிரூ. "முறுக்கு தளர்ந்து சூடேறினா அதுக்கு ஒண்ணும் தெரியாது. போர்டு வைக்கிறப்பவே சொன்னேனே, மேல பிரிச்சுப் பார்க்கணும்னு. நீ என்ன சொன்னே?"

"பாப் போட்டதைப் பிரிக்க மாட்டேன்னு சொன்னேன். இப்பவும் அதையேதான் சொல்றேன்."

அதாவது வாசலில் பளபளவென்று புது போர்டு, உள்ளே தாத்தா காலத்து முறுக்கு. முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு குளிக்காமல் இருப்பவனைப் போல. அதையும் சொன்னேன். அவன் முகம் சிவந்தது.

"உங்க அப்பா அந்த வீட்டுல என்னத்தை நோண்டி வச்சாரோ, யார் கண்டா? அவர் எதையும் சும்மா விடமாட்டார்னு ஊருக்கே தெரியும். அதுக்கு எங்க பாப் தலையில பழி போடாதீங்க. அதுவும் இன்னிக்கு. சாயங்காலம் அந்த மனுஷன் எழுந்து நிக்கணும்."

"நான் பழியும் போடல, பாயும் போடல. என் பேத்தி தலைக்கு மேல என்ன இருக்குன்னு பார்க்கணும்."

"அவ என் பொண்ணு."

"அப்போ நீயே ஏறிப் பாரு!"

நான் பஸ் ஓட்டுபவள். பனி வழுக்கும் மலைப் பாதையில், ஸ்கீ ஆட வருகிற கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போகிறவள். என் குரல் கடைசி சீட்டு வரைக்கும் கேட்கும். அன்று கடைசி வீடு வரைக்கும் கேட்டது. கிளப்புக்குத் தட்டுமுட்டுச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து வேலி ஓரம் நின்றார்கள். முன்னால் நின்றது கோரல் விட்பி. அவளுக்குத் தெரியாமல் இந்தத் தெருவில் பூனை குட்டி போடாது.

"என்ன ரோமானா இது? அந்தப் பெரிய மனுஷன் பேரை நடுத்தெருவுல போட்டு இழுக்கிற? அவர் இல்லேன்னா உங்க குடும்பம் அந்தப் பனியில விறைச்சுச் செத்திருக்கும்."

"நான் யார் பேரையும் இழுக்கல கோரல். என் வீட்டு உத்தரம் கரியாயிருக்கு. போய்ப் பாரு."

"கரியாம். உங்கப்பா புகைச்ச சுருட்டுக்குக் கரியாகாம வெள்ளையாவா இருக்கும்?"

சிரித்தார்கள். தான்யா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவருகே வந்து நின்றாள். "அம்மா, கத்தாதே. இப்பதான் தூங்கினா" என்றாள். அவள் கண் என்னையும் பார்த்தது, ஹேமிஷையும் பார்த்தது. யார் பக்கம் நிற்பது என்று தெரியாத கண். என் வயிற்றில் பிறந்தவள் அந்த இடத்தில் யோசித்துக்கொண்டு நின்றாளே என்று எனக்கு இன்னமும் வயிறு எரிகிறது.

ஹேமிஷ்தான் வழி சொன்னான். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"சரி. எல்லா வீட்டுலயும் வயரை ஒட்டினது ஒரே கை. ஒரே வாரம். ஒரே வயர். பாப் வீட்டையே முதல்ல பிரிச்சுப் பார்ப்போம். அங்க கருகியிருந்தா என் வீட்டை நானே பிரிக்கிறேன். நல்லா இருந்தா நீங்க வாயை மூடிக்கிட்டுச் சாயங்காலம் வந்து அவருக்குக் கை தட்டணும். சம்மதமா?"

"சம்மதம்" என்றேன். அந்தக் கை செய்த வேலையை என் வீட்டில் கண்ணால் பார்த்துவிட்டேனே, எனக்கென்ன பயம்? "அதுவரைக்கும் குழந்தை தொட்டில்ல படுக்கக் கூடாது" என்றேன். தான்யா மார்னியைச் சால்வையில் சுற்றிக்கொண்டு எங்களோடு நடந்தாள்.

தெருவின் முதல் வீடு பாப்புடையது. அவர் சமையலறையில் உட்கார்ந்து, சாயங்காலத்துக்குப் போட வேண்டிய ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். தேய்த்த கோட்டும் டையும் கதவில் தொங்கின. இத்தனை பேர் உள்ளே நுழைந்ததைப் பார்த்ததும் பிரஷ் நின்றது.

ஹேமிஷ் விஷயத்தைச் சொன்னான், பெருமையோடு சொன்னான், ஏதோ பரிசு வாங்க மேடைக்குக் கூப்பிடுவது போல.

"வேண்டாம்ப்பா" என்றார் பாப். "பெயின்ட் பெயர்ந்து போயிடும்."

"பெயர்ந்தா நானே அடிச்சுத் தரேன், பாப்."

"இன்னிக்கு வேண்டாம். நாளைக்குப் பார்க்கலாம்."

"இவங்க வாயை இன்னிக்கே மூடணும். நீங்க பேசாம உட்காருங்க."

அவர் பேசாமல்தான் உட்கார்ந்தார். பிரூ ஏறி ரீப்பரைக் கழற்றினாள். அவள் விளக்கைப் பிடித்து உள்ளே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "நல்லாயிருக்கு" என்றாள். "ரொம்ப நல்லாயிருக்கு. எங்கயும் சூடு பட்ட அடையாளமே இல்ல."

கை தட்டினார்கள். அந்தச் சின்னச் சமையலறையில், சாப்பாட்டு நேரம் வரைக்கும் பொறுக்கமாட்டாமல், அங்கேயே கை தட்டினார்கள். கோரல் என் முகத்துக்கு நேராகத் தட்டினாள்.

"பார்த்தியா? இத்தனை வருஷமா சும்மாவா தட்டுறோம்?"

வெளியே போய்விடலாம் என்று திரும்பினேன். ஹேமிஷ் "போதுமா ரோமானா?" என்றான். நானும் கிட்டத்தட்டப் போதும் என்று சொல்லியிருப்பேன். அப்போது பாப்பைப் பார்த்தேன். ஊரே கை தட்டுகிறது, அந்த மனிதர் தலையை நிமிர்த்தவில்லை. கையில் இருந்த ஷூவின் அதே இடத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு வருஷமும் கை தட்டும்போது அவர் அப்படித்தான் குனிந்துகொள்வார். அடக்கமான மனிதர் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம்.

"பிரூ, அது என் வீட்டுல பார்த்த மாதிரியா இருக்கு?"

"இல்லடி. அதான் யோசிக்கிறேன். உன் வீட்டுல வெறும் முறுக்கும் டேப்பும். இங்க பெட்டி வச்சு, ஸ்க்ரூ வச்சு முடுக்கி, வயரையே கொஞ்ச தூரத்துக்கு மாத்தியிருக்கு. இது தொழில் தெரிஞ்சவன் செஞ்சது."

"பாப்புக்குத் தொழில் தெரியாதுங்கறீங்களா?" என்று எகிறினான் ஹேமிஷ். "அங்க அவசரத்துல செஞ்சிருப்பார். இங்க நிதானமா செஞ்சிருப்பார்."

"உன் வீட்டுல?" என்றேன். "உன் வீட்டுல அவசரமா செஞ்சாரா, நிதானமா செஞ்சாரா?"

பதிலுக்கு நான் காத்திருக்கவில்லை. தான்யா கையிலிருந்த குழந்தையை வாங்கிக்கொண்டு பாப் எதிரில் போய் நின்றேன்.

"பாப். இவ தொட்டில் அந்த ரீப்பருக்குக் கீழே இருக்கு. ஹீட்டர் ஓடிக்கிட்டே இருக்கு. நான் சொன்னா உங்க பேரன் கேக்க மாட்டான். நீங்க சொன்னா கேப்பான். இவளை அங்க படுக்க வைக்கலாமா? ஆமான்னு சொல்லுங்க, இல்ல, வேண்டாம்னு சொல்லுங்க. ஒரே ஒரு வார்த்தை."

பாலிஷ் டப்பா மூடி கீழே விழுந்து உருண்டு ஓடியது. அவர் குழந்தையைப் பார்க்கவில்லை. ஹேமிஷைப் பார்த்தார்.

"படுக்க வைக்காதே" என்றார். "போய் மெயினை அணை."

ஹேமிஷ் அப்படியே நின்றான். சொன்னது காதில் விழுந்து, உள்ளே இறங்க நேரம் பிடித்தது போல. பிறகு ஓடினான். பிரூவும் தான்யாவும் பின்னால் ஓடினார்கள். நான் குழந்தையோடு அங்கேயே நின்றேன். எனக்கு மீதியும் தெரிந்தாக வேண்டும்.

"யார் செஞ்சது இது?"

"பெரிய ஊர்லேந்து எலக்ட்ரீஷியன் வரதா ஏற்பாடு" என்றார் பாப். குரல் எழும்பவில்லை. "லீவு முடிஞ்சு செவ்வாய்க்கிழமை. அதுவரைக்கும் தாங்கினா போதும்னுதான் முறுக்கி விட்டேன். எல்லார்கிட்டயும் சொன்னேன், இது செவ்வாய்க்கிழமை வரைக்கும்தான்னு. அவன் வந்தான். முதல் வீடுன்னு இங்க செஞ்சான். என் பெண்டாட்டி மெர்ல் ஒத்தக்கால்ல நின்னா, கைக்குழந்தை இருக்குன்னு. முடிச்சுட்டு அடுத்த வீட்டுக்குப் போனான்."

அடுத்த வீடு எங்கள் வீடு.

"உங்கப்பா வாசல்ல நின்னார். விளக்குதான் நல்லா எரியுதே, லிண்ட்ஸி போட்டதே போதும், நீ கிளம்புன்னார். அவர் சொன்னதும் எல்லா வீட்டுலயும் அதையே சொல்லிட்டாங்க. அவன் சிரிச்சுக்கிட்டே வண்டியேறிட்டான்."

என் அப்பா செத்து வெகுகாலம் ஆகிறது. செத்தவரிடம் கோபித்துக்கொள்வது மாதிரி எரிச்சலான வேலை வேறு இல்லை. திருப்பிக் கத்தவும் மாட்டார், மன்னிப்பும் கேட்க மாட்டார். ஆனால் என் எதிரில் உயிரோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"சரி, அவங்கதான் முட்டாள். நீங்க ஏன் சொல்லல? இத்தனை வருஷமா?"

"அடுத்த வருஷம் சாப்பாட்டுல சொல்லணும்னுதான் எழுந்தேன். எழுந்ததும் எல்லாரும் கை தட்டினீங்க."

"கை தட்டினா வாய் அடைச்சுப் போயிடுமா?"

"அந்த வருஷம் சொல்லல. சொல்லாததால அதுக்கடுத்த வருஷம் சொல்ல முடியல." ஷூவைக் கீழே வைத்தார். "நல்லாத்தான் எரியுதுன்னு நானும் நினைச்சுக்கிட்டேன், ரோமானா."

சமையலறையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவியிருந்தார்கள். கதவில் தொங்கிய டையைப் பிடுங்கி அவர் முகத்தில் வீச வேண்டும் போல இருந்தது. குழந்தை கையில் இருந்ததால் வீசவில்லை.

தான்யா வீட்டுக்கு வந்தபோது ஹேமிஷ் ஏணிகூடப் போடாமல் நாற்காலி மேல் ஏறி, ரீப்பரைக் கையாலேயே பிய்த்துக்கொண்டிருந்தான். ஆணி கிழித்து விரலில் ரத்தம். ரீப்பர் பெயர்ந்ததும் மேலேயிருந்து கருப்புத் தூள் கொட்டியது. தொட்டிலில் விரித்திருந்த வெள்ளைக் கம்பளியின் மேல் கொட்டியது. பிரூ விளக்கைக் காட்டினாள். என் வீட்டில் விரல் நுனி அளவு கரி. இங்கே உத்தரம் கை நுழைகிற அளவுக்குக் குழிந்து போயிருந்தது. டேப் கருகிய ரொட்டி போல உதிர்ந்தது.

தான்யா தொட்டிலில் இருந்த கம்பளியைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். ஹேமிஷ் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தான். என்னைப் பார்க்கவில்லை. எனக்குச் சொல்வதற்கு நிறைய இருந்தது. அவன் கையில் ரத்தம் வழிந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வாசலில் டக் டக்கென்று சத்தம் கேட்டது. பாப் வாக்கரைத் தள்ளிக்கொண்டு, ஒற்றைக்காலில் பாலிஷ் போட்ட ஷூவும் மற்றதில் வீட்டுச் செருப்புமாக, தெருவைத் தாண்டி வந்திருந்தார்.

"ஹேமிஷ்..."

"பாப், உள்ளே வராதீங்க."

அவ்வளவுதான் சொன்னான். சத்தம் போடவில்லை. நான் கத்தியதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்கு உறை போடக் காணாது. பாப் வாசற்படிக்கு வெளியே அப்படியே நின்றுவிட்டார்.

அந்த இடத்தில் அவர்மேல் எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும் என்று தான்யா பின்னால் சொன்னாள். வரவில்லை. அவ்வளவு நல்லவள் இல்லை நான். மெர்ல் கைக்குழந்தையைக் காட்டித் தன் வீட்டைக் காப்பாற்றிக்கொண்டாள், அவளைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் தன் தலைக்கு மேல் பெட்டியும் ஸ்க்ரூவும் இருக்க, எங்கள் தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டே இந்த மனிதர் வருஷா வருஷம் ஆட்டிறைச்சி சாப்பிட்டிருக்கிறார். நாங்கள் ஊற்றிய பீரைக் குடித்திருக்கிறார். என் மகளுக்கு இந்த வீட்டைக் கொடுத்த அன்று வந்து, கேக் வெட்டி, அந்த ரீப்பரை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

பிரூ வெளியே வந்து கையைத் துடைத்தாள். "மத்த வீட்டுலயும் இன்னிக்கே அணைக்கணும் ரோமானா. ராத்திரி உறைபனின்னு ரேடியோல சொல்லியிருக்கான். எல்லாரும் ஹீட்டரை உச்சத்துல வைப்பாங்க. நான் சொன்னா கேக்க மாட்டாங்க. நீ சொன்னா கேக்கவே மாட்டாங்க."

"கேப்பாங்க" என்றேன். மார்னியைத் தான்யாவிடம் கொடுத்துவிட்டு, பாப் பக்கம் திரும்பினேன். "வாங்க."

"எங்கே?"

"வீடு வீடா. ஏறி ஒட்டினீங்க இல்ல? வீடு வீடா வந்து சொல்லுங்க. உங்க வாயால."

"சாயங்காலம் கிளப்புல எல்லாரும் இருப்பாங்க. அங்கேயே ஒரேயடியா..."

"அங்க கை தட்டுவாங்க. வாங்க."

புல்லின் மேல் உறைபனி இன்னும் உருகாமல் கிடந்தது. வாக்கரின் சக்கரம் வழுக்கியது. கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்பது போல என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். நான் கைகளைக் கோட்டுப் பையில் விட்டுக்கொள்ளலாம் என்று பார்த்தேன், கோட்டே போடவில்லை. மடித்துக் கட்டிக்கொண்டேன். எங்கள் வீட்டைத் தாண்டும்போது நின்றார்.

"உங்கப்பா மட்டும் அன்னிக்கு..."

"தெரியும். அவர் செத்துட்டார். நீங்க இருக்கீங்க. நடங்க."

கோரல் வீட்டுக் கதவைத் தட்டினேன். எங்களுக்கு முன்னால் நழுவி வந்து ஒன்றும் தெரியாதவள் போல உள்ளே இருந்தாள். பாப்பைப் பார்த்ததும் கதவை விரியத் திறந்தாள்.

"ஐயோ, இந்தக் குளிர்ல எதுக்கு இவரை நடக்க வைக்கிற? உள்ள வாங்க பாப். ஆளாளுக்கு ஏதோ உளறிக்கிட்டுப் போறாங்க, நான் நம்பவே இல்ல. வந்து ஹீட்டர் பக்கத்துல உட்காருங்க, டீ போடறேன்."

உள்ளேயிருந்து வெப்பம் முகத்தில் அடித்தது. அவள் பின்னால் சீலிங்கில் ரீப்பர் தெரிந்தது, அழகாகப் பச்சைப் பெயின்ட் அடித்து.

"அதை அணை, கோரல்" என்றார் பாப்.

"எதை?"

"ஹீட்டரை. அப்புறம் மெயினை. அந்த வயர் நான் செவ்வாய்க்கிழமை வரைக்கும்தான் போட்டது. அது நல்லதில்லன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்."

கோரலின் வாய் திறந்தபடி இருந்தது. அவள் கை மட்டும், பழக்க தோஷத்தில், ஒன்றையொன்று தேடி மேலே எழும்பிப் பாதியில் நின்றது. பிறகு திரும்பி மெயின் சுவிட்சுக்குப் போனாள். விளக்கு அணைந்தது.

பாப் மூச்சு வாங்கினார். மூக்கிலிருந்து நீர் வடிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. இது போதுமா என்பது போல என்னைப் பார்த்தார்.

"அடுத்த வீடு" என்றேன்.

அவர் வாக்கரைத் திருப்பினார்.